சொல்லாமல் விட்ட பதினொரு நாட்கள்

நாநா மௌத்தாகி ஒரு வருடம் ஆகப் போகிறது. இன்னும் நான் ஓரிடத்தில் இருந்து ஒரு பிளேன்டீயை முழுதாகக் குடித்து முடித்ததில்லை. பாதிக் கோப்பையில் எழும்பி முற்றத்துக்குப் போவேன். முற்றத்தில் எனக்கு ஒரு வேலையும் இருக்காது. திரும்பி வந்து, கழுவி வைத்த பீங்கானை இன்னொரு தரம் கழுவுவேன். உம்மா கதிரையில் இருந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஒரு எடத்துல இரி மகள், எனக்குத் தலை சுத்துது" என்பார். இருப்பேன். யாரோ கேற்றைத் தட்டியது போல் இருக்கும், எழும்பிவிடுவேன். யாரும் தட்டியிருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அண்ணனை நாநா என்போம், சாவை மௌத்து என்போம். எனக்கு ஒரே ஒரு நாநா, ஆறு வயது மூத்தவர். ஹெரோயின் தூள் அவரைக் கொண்டுபோனது. ஊருக்கு நாங்கள் சொன்னது மாரடைப்பு. ஊரும் தலையாட்டியது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்று சொல்வார்கள். ஆனால் மையத்து வீட்டில் ஊர் தானாகவே வாயை மூடிக்கொள்ளும், மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடியும் வரைக்கும்.

நாநா சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய்க் கடலட்டை எடுக்கிறவர். ஆழத்தில் திருக்கையோடும் விலாங்கோடும் புழங்குகிற மனிதர், வீட்டில் பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்பார். "கடல்ல இருக்கிறதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆக்கள், இது யாரெண்டே தெரியாதே" என்பார். நான் தும்புத்தடியால் அதைக் கூட்டித் தள்ளும் வரை இறங்க மாட்டார்.

நான் நுரைச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் கொச்சிக்கா டீச்சர்; கொச்சிக்கா என்றால் மிளகாய். அந்தப் பெயரை வீதியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் நாநாதான். பின்னேரம் நான் செருப்பைக் கழற்ற முன்னமே கேட்பார்:

"இண்டைக்கு எத்தின பிள்ளைய அழ வெச்ச?"

"ரெண்டு."

"கொறஞ்சி போச்சே. ஒடம்புக்குச் சொகமில்லயா?"

வாப்பா இல்லாத வீடு எங்களுடையது. நான் ஆசிரியர் பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டும் என்றபோது சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்ல ஒரு கருத்து இருந்தது. குமர்ப் பிள்ளையை அனுப்புவதா என்றார்கள். நாநா யாரோடும் தர்க்கம் பண்ணவில்லை. என் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். நான் இன்று டீச்சர் என்றால் அந்தப் பெட்டி அன்று வாசலைத் தாண்டியதால்தான்.

தூள் எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். ஆழத்தில் கூட நேரம் நின்றுவிட்டு அவசரமாக மேலே வருகிறவர்களுக்கு மூட்டுகளில் ஒரு வலி வரும். நாநாவுக்குத் தோளில் வந்தது. இரவில் சுவரோடு தோளை அழுத்திக்கொண்டு நிற்பார். வள்ளத்தில் யாரோ ஒருவர், ஒரு இழுவை இழு, வலி தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. வலி தெரியவில்லை. பிறகு வலி இல்லாத நாளிலும் தேவைப்பட்டது.

எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. கலியாணம் முடித்த பிறகு நாநா கரைத்தீவில் மதினியின் வீட்டில் இருந்தார், ஒரு மகளும் உண்டு. மதினி பொறுத்துப் பார்த்தார். பொறுமைக்கும் ஒரு கரை இருக்கிறது. ஒரு நாள் நாநா உடுப்புப் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். உம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் சாமான்கள் குறையத் தொடங்கின. காஸ் சிலிண்டர் போன அன்று உம்மா கல்லடுப்பு மூட்டி, வந்த போன எல்லோருக்கும் "விறகுல ஆக்கினாத்தான் கறிக்கு ருசி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாநா தலையைக் குனிந்து அந்தக் கறியைச் சாப்பிட்டார். நான் பீங்கானைத் தள்ளிவிட்டு எழும்பினேன். அந்தக் காலத்தில் நான் பேசிய பேச்சை எல்லாம் இங்கே எழுத முடியாது. நாயை விரட்டுகிற மாதிரிப் பேசியிருக்கிறேன். அதற்கும் அவர் என் முகத்தைப் பார்த்து, "கொச்சிக்கா டீச்சர் எண்டு சும்மாவா வெச்சானுகள்" என்று சிரிக்கப் பார்ப்பார். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அவர் காலில் ஒரு புண் ஆறாமல் போனபோது சிலாபத்தில் ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனேன். இளம் பெண், சிங்களம். புண்ணைப் பார்த்தார், நாநாவின் கண்ணைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். நாநா மருந்துக்கு வரிசையில் நின்றபோது என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். என் சிங்களம் கடைச் சிங்களம்தான் என்று தெரிந்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார். இவர் என்றாவது ஒரு நாள் இதை விடுவார். விட்டுச் சில கிழமை போனால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. அப்போது மறுபடி பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். விடுகிற நாளில் இதை அவரிடம் சொல்லுங்கள். இனித் தொடமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தாலும் சொல்லுங்கள்.

"சொல்றன் டொக்டர்" என்றேன்.

வரும் வழியில் பஸ்ஸில் சொல்லவில்லை. விட்டபிறகுதானே சொல்ல வேண்டும், விடாத மனிதருக்கு இதைச் சொல்லி என்ன பயன் என்று நினைத்தேன்.

அவரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் நின்றேன். உம்மா ஜமாஅத்தில் நாற்பது நாள் அனுப்ப வேண்டும் என்று நின்றார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இந்த மருந்து தெரியும். பிள்ளை குடிக்கிறானா, தூள் இழுக்கிறானா, பாயைச் சுருட்டிக் கொடுத்து ஜமாஅத்தோடு அனுப்பு. ஊர் ஊராகப் பள்ளிவாசலில் தங்கி, ஐந்து நேரமும் தொழுது, பெரியவர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வந்தால் ஆள் திருந்தும். நான் உம்மாவோடு கத்தினேன். தொழுகை வேறு, வைத்தியம் வேறு என்றேன். "ஒனக்குப் படிப்புக் கூடிப் போச்சி" என்றார் உம்மா. நாநா நடுவில் எழும்பி, "நான் போறன் உம்மா" என்றார்.

நாற்பது நாளும் முடித்தார். யாருக்கு நம்பிக்கை இருந்ததோ, எனக்கு இருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ளுஹர் தொழுகைக்குப் பிறகு பாய்ச்சுருளும் தாடியும் அத்தர் மணமுமாக வந்து நின்றார். கண் தெளிந்திருந்தது. அந்தக் கண்ணை நான் எத்தனை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுவதைப் பார்த்து அவர் பயந்தே போனார். "உம்மா, இங்க வாங்க, டீச்சரே அழுறா" என்று கத்தினார்.

அன்று முதலாம் நாள். அந்தப் பதினொரு நாட்களையும் நான் பாடமாக வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் கிணற்றடியில் சூடை மீன் ஆய்ந்துகொண்டு எனக்குக் கதை சொன்னார். "மொத மூணு நாள் பள்ளிட பாயில கெடந்து உருண்டன் தங்கச்சி. சத்தி, நடுக்கம், வயித்துல ஒண்டும் தங்கல்ல. ஒரு வயசாளி என்ட கால அமுக்கிட்டே இருந்தார். இது என்ன காய்ச்சல் எண்டு ஒரு நாளும் கேக்கல்ல. மனிசனுக்குத் தெரியும், கேக்கல்ல." சொல்லிவிட்டு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் சொன்னதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நான் தோற்றவள். ஆஸ்பத்திரி என்று கத்தியவள் நான், ஜமாஅத் என்று வென்றவர் உம்மா. இப்போது போய் டொக்டர் அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார் என்றால் தோற்ற வயிற்றெரிச்சல் என்றுதான் நினைப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவர் குளிக்கப் போன நேரம், ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைப் பையில் கை விட்டேன். பழைய பழக்கம். உள்ளே பல் துலக்குகிற ஒரு மிஸ்வாக் குச்சியும் மகளுக்கு வாங்கிய இரண்டு டொபியும் இருந்தன. கையை எடுக்க முன் உம்மா பின்னால் நின்றார்.

"தவ்பா செஞ்ச மனிசன்ட பொக்கட்டச் சோதிக்கிறியா?"

"சும்மா பாத்தன் உம்மா."

"அல்லாஹ் மன்னிச்சத நீ தோண்டுறியா? தவ்பா செஞ்ச பாவத்தச் சொல்லிக் காட்டுறது அந்தப் பாவத்த விடப் பெருசு. அவன்கிட்டப் பழசக் கதைக்காத. ஒரு சொல்லும் கதைக்காத. எனக்குச் சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். எங்களில் இது சின்ன விஷயம் இல்லை. மனந்திருந்தி வந்தவனிடம் அவனுடைய பழையதை எடுப்பது, அவனுடைய தவ்பாவைப் பொய் என்று சொல்வதற்குச் சமம். சின்ன வயதிலிருந்து ஓதிக்கொடுத்தது. அதை நானும் நம்புகிறவள்தான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: சத்தியம் பண்ணியபோது எனக்கு உள்ளே ஒரு ஆறுதல். அந்தக் கஷ்டமான கதையை நாநாவிடம் எடுக்க வேண்டாம். உம்மாவே கதவைச் சாத்திவிட்டார், இனி என்மேல் பிழை இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

எட்டாம் நாள் மோட்டார் சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விட்டார். கச்சான் காற்று ஓய்ந்து கடல் தெளிகிற காலம், வழி நெடுக வள்ளங்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். நாநா அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் சைக்கிள் மெதுவானது. பின்னால் இருந்த எனக்கு அது தெரிந்தது. "கடலுக்குப் போகப் போறீங்களா?" என்று கேட்டேன். "மகளையும் அவட உம்மாவையும் கூட்டிட்டு வரணுமெண்டா வேல வேணுமே" என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடக் கேற் வந்துவிட்டது.

பத்தாம் நாளை நினைத்தால்தான் என்னால் இருக்க முடிவதில்லை. அன்று பின்னேரம் நான் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நாநா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். தோளைச் சுவரில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"தோள் திரும்பவும் வலிக்குது தங்கச்சி."

நான் தலையை நிமிர்த்தவில்லை. "அலுமாரில வலிக் குளிசை இரிக்கி, எடுத்துப் போடுங்க" என்றேன்.

தாளை எட்டிப் பார்த்தார். "இண்டைக்கு எத்தின பிள்ளைக்கு முட்ட?" என்று கேட்டார்.

"பொறுங்க நாநா, எண்ணிட்டிரிக்கன்."

போய்விட்டார். குளிசையும் எடுக்கவில்லை. பிறகு பார்த்தேன், அட்டை அப்படியே இருந்தது. அவர் குளிசை கேட்டு வரவில்லை. இது எனக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து பிள்ளைகளில் யார் களவாகப் பார்த்து எழுதுகிறான் என்று முதுகால் கண்டுபிடிக்கிற டீச்சர், என் கூடப் பிறந்தவர் வாசலில் நின்று என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிக்கவில்லை.

பதினோராம் நாள் வெள்ளி. ஜும்ஆ தொழுதுவிட்டு, கடலுக்குப் போகிறவர்கள் தங்கும் கடற்கரை வாடிக்குப் போனார், வள்ளத்தில் இடம் கேட்க. அஸர் தொழுகைக்கு முன்னம் செய்தி வந்தது. அவரைக் கண்டவன், அவரோடு ஒரே வள்ளத்தில் முங்குகிற கூட்டாளி. எங்கள் ஒழுங்கையில் இருக்கிறவன், ஒரு காலத்தில் என்னிடம் கணக்குப் படித்தவன், அவனும் தூளில் விழுந்தவன். வலைகளுக்குப் பின்னால் நாநா சுவரில் தோளைச் சாய்த்து இருந்தாராம். நித்திரை என்று நினைத்தானாம். என் காலடியில் இருந்து அழுதான். "கூட எடுக்கல்ல டீச்சர். அல்லாஹ் மேல ஆண, எப்பவும் எடுக்கிற அளவுதான். எப்பவும் எடுக்கிற அளவுதான்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னான்.

அது எனக்கு மட்டும் விளங்கியது. உம்மா போன கிழமை வரை, மகன் அவாவில் கூட எடுத்துவிட்டான், அல்லாஹ் எழுதியது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். டொக்டர் சொன்னதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் உம்மாவுக்கு ஐந்தாம் நாள் நினைவு வரும். சத்தியம் வாங்கிய வாய் அவருடையது. எழுபது வயதில் அதைச் சுமந்துகொண்டு எப்படித் தொழுவார்? அதனால்தான் நான் பீங்கான் கழுவினேன்.

போன கிழமை அந்தக் கூட்டாளி நாற்பது நாள் முடித்து வந்தான். அவனுடைய உம்மா ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு அவனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், என் உம்மாவிடம் துஆக் கேட்க. அவனுக்கும் தாடி, அவனுக்கும் அத்தர், கண் தெளிவு. உம்மா அவன் தலையில் கை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. இரண்டு தாய்மாரும் அழுதார்கள். நான் அறைக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். தண்ணீர் கொண்டுபோனேன், கரண்டியை மறந்தேன், கரண்டிக்குத் திரும்பினேன். சொல்லலாமா? சொன்னால் அவனுடைய உம்மாவின் முகத்தில் அடித்த மாதிரி. என் உம்மாவுக்கு முன்னால் சொல்வது அதைவிடப் பெரிய அடி. அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், நாளைக்கு, இல்லாவிட்டால் நாளன்றைக்கு.

நாளைக்கு என்ற சொல் மனதில் வந்ததும் நடப்பதை நிறுத்தினேன். கரண்டிகளை மேசையில் போட்டேன்.

"ஒன்கிட்ட ஒரு கத சொல்ல இரிக்கி" என்றேன் அவனிடம். "தவ்பா செஞ்சவன்கிட்ட இதச் சொல்லக் கூடாது எண்டு எனக்குத் தெரியும். பாவமெண்டா அந்தப் பாவம் எனக்கு."

சொன்னேன். டொக்டர் எனக்குச் சொன்ன மாதிரியே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. இனித் தொடமாட்டாய், இன்ஷா அல்லாஹ். எப்போதாவது கை நீண்டால், தனியாக இருக்காதே, பழைய அளவை நினைக்காதே, யாரையாவது கூப்பிடு, என்னைக் கூப்பிடு. அவனுடைய உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா என்ன டீச்சர் இது?" என்றார். அவன் கோபப்படவில்லை. நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். வாடியில் கண்டதை நினைத்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

"இத யார் சொன்ன டீச்சர்?"

"சிலாபத்து டொக்டர். நாநாவக் கொண்டு காட்டினப்ப."

"அப்ப, நாநாக்குத் தெரியுமா?"

நான் உம்மாவைப் பார்க்கவில்லை. தஸ்பீஹ் மணி நின்றுவிட்டது மட்டும் தெரிந்தது.

"இல்ல" என்றேன். "நான் சொல்லல்ல."

அவர்கள் எப்போது எழும்பினார்கள், யார் ஸலாம் சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. வட்டிலப்பம் வெட்டாமல் மேசையில் இருந்தது. உம்மா கதிரையிலேயே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அழவும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளை கேட்பது போல், விளங்காமல் கேட்டார்.

"ஏன் மகள் சொல்லாம இருந்த? ஒரு சொல்லுத்தானே? ஏன் சொல்லல்ல?"

முகத்தைப் பார்த்தேன். நடிப்பில்லை. சட்டைப்பை, டொபி, என்னிடம் வாங்கிய சத்தியம், ஒன்றும் அவருக்கு நினைவில் இல்லை. ஒரு வருடமாக எதை அவரிடமிருந்து மறைக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனோ, அது அவரிடம் இல்லவே இல்லை. என்னிடம் மட்டும்தான் இருந்தது. "நீங்கதானே உம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. எனக்கு எப்போதும் வாய் வரும்.

பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தேன், அவருடைய காலடியில்.

"பயந்திட்டன் உம்மா" என்றேன்.

உம்மா என் தலையில் கை வைத்தார். நான் எழும்பவில்லை.